ஒரு தூர் இடைவெளி

ஒரு கரட்டுக் குன்றின் சரிவில் வெட்டிவேர்ப் புல் வரிசையாக நின்றது. அதற்குக் கீழே ஒரு மாட்டுக் கொட்டகை இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன் ஐப்பசி மழையில் மேட்டு மண் கரைந்து இறங்கி, கொட்டகையின் பின்சுவரைச் சாய்த்துவிட்டது. உள்ளே கட்டியிருந்த கன்றுக்குட்டி பிழைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கொட்டகைக்காரர் குப்பண்ணன் அந்தப் புல்லை நட்டார்.

மூன்று நான்கு புல் தாள்களை ஒரு நாற்றாக வைத்து, தலையையும் வேரையும் நறுக்கி, சரிவுக்குக் குறுக்கே மட்டம் பார்த்து நட்டார். நாற்றுக்கும் நாற்றுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. அந்தப் பக்கமாகப் போனவர்கள், புல் நடுகிறாரா சுவர் வைக்கிறாரா என்று கேலி செய்தார்கள்.

புல் தழைத்தது. இடுப்பு உயரம் வந்ததும் அரிவாள் வந்து முழங்கால் அளவுக்கு வெட்டிவிட்டுப் போனது. நான்கு மாதம் கழித்து மறுபடியும் வந்தது.

வரிசையின் நடுவில் நின்ற ஒரு புல் தூருக்கு ஒருநாள் பொறுக்கவில்லை.

"நான் வளர்வது உனக்குப் பிடிக்கவில்லையா?"

"வெட்டினால்தான் பக்கத்தில் புதுத் தாள் வெடித்து அடர்த்தியாவாய் என்கிறார்கள்" என்றது அரிவாள். "அது உண்மையா என்று நானும் யோசிப்பதுண்டு. வெட்டியவுடனே நான் போய்விடுகிறேன். வலியோடு இருப்பது நீதானே."

தூர் அதற்குப் பிறகு அரிவாளைக் கடிந்துகொள்ளவில்லை. அதன் மனக்குறை வேறு. ஆற்று மணலில் வளரும் தன் இனம் வேரோடு எடுக்கப்பட்டு வாசனையாக ஊரெல்லாம் போகிறது என்று கேள்விப்பட்டிருந்தது. தன் வேரிலும் வாசனை இருக்கிறதா என்பதே அதற்குத் தெரியாது. மேலே வெட்டு, கீழே இருட்டு. யாருக்கும் தெரியாமல் இப்படியே முடிந்துவிடுமோ என்று அது பயந்தது.

அந்தப் புரட்டாசியில் குப்பண்ணனின் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். வெக்கை தாங்காமல், பானைத் தண்ணீரில் வெட்டிவேர் போட்டுக் குடித்தால் தேவலை என்றாள். குப்பண்ணன் கடப்பாரையோடு சரிவில் ஏறினார். நடுத்தூரின் அருகே போய் நின்றார்.

தூர் சிலிர்த்தது. பக்கத்துத் தூர்களிடம், பின்னிய வேர்களைக் கொஞ்சம் தளர்த்தச் சொன்னது. அவை தயங்கின. ஆனால் அதன் ஆசை அவற்றுக்கும் தெரியும். தளர்த்தின.

கடப்பாரை இரண்டு முழம் இறங்கிச் சில வேர்களை அறுத்தது. இன்னும் ஒரு நெம்பு நெம்பினால் போதும்.

கொட்டகையிலிருந்து அவர் மனைவி அங்காயி எட்டிப் பார்த்தாள். அவள் காலடியில், பிறந்து நாலு நாளான கன்று நின்றது.

"ஏனுங்க, அங்க என்ன பண்றீங்க?"

"ஒரே ஒரு தூருதான், அங்காயி. புள்ள ஆசப்படறா."

"தண்ணி பூந்து வர்றதுக்கு அந்த ஒரு தூரு சந்து போதுமுங்க."

 ஆனாலும் குப்பண்ணனின் கை நெம்பப் போனது.

தூர் கீழே பார்த்தது. கன்று இன்னும் சரியாக நிற்கப் பழகாமல் சுவரில் சாய்ந்திருந்தது. முன்பு சாய்ந்து, திரும்பக் கட்டிய அந்தப் பின்சுவரில்தான்.

"பிடித்துக்கொள்ளுங்கள்" என்றது தூர், பக்கத்துத் தூர்களிடம்.

கடப்பாரை எகிறியது. இன்னொரு முறையும் எகிறியது. கல்லாட்டம் நிற்கிறது என்று சொல்லிக்கொண்டே குப்பண்ணன் குழியை மூடி மிதித்துவிட்டு இறங்கினார். தனக்கு அதில் கொஞ்சம் நிம்மதியும் இருந்ததை அவர் அங்காயியிடம் சொல்லவில்லை.

ஐப்பசி வந்தது. செந்நிறத் தண்ணீர் சரிவில் பாய்ந்து வந்து வரிசையில் முட்டியது. சந்து தேடி அங்குமிங்கும் அலைந்து, சுமந்து வந்த மண்ணை அங்கேயே போட்டுவிட்டு, தெளிந்து மெல்லக் கசிந்தது.

காலையில் கொட்டகைக்கு வந்த அங்காயி மூக்கை உறிஞ்சினாள். அறுபட்ட வேர்கள் ஈர மண்ணில் மணத்துக்கொண்டிருந்தன. என்ன வாசம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கன்று நனையாமல் படுத்திருந்தது.

சுவரில் மாட்டியிருந்த அரிவாளுக்கு, அந்த வாசம் யாருடையது என்று புரிந்தது. அடுத்த வாரம் அது மறுபடியும் வரிசைக்குப் போக வேண்டும்.

அது சாணைக்கல்லைக் கூப்பிட்டது. "என்னை இந்த முறை நன்றாகத் தீட்டிவிடு. வலி தெரியாமல் வெட்ட வேண்டும்."