அலைக்கு முன்னே ஓடுகிறவள்

கவி மருதையன் தனக்கென்று ஓர் உலகத்தை உண்டாக்கினார். அதன் கடலுக்குப் பெருநீரான் என்று பெயர் வைத்து, வாய் ஓயும் வரை பாடினார். காற்றுக்கும் நெருப்புக்கும் குறை வைக்கவில்லை. கடைசியில், அலையின் நுனிக்கு ஒருத்தி வேண்டுமே என்று நுரைச்சியைப் படைத்தார். அவளுக்கு ஒரே வரி: ‘முன்னே ஓடுவாள், மணலைத் தொடுவாள், மறைவாள்.’ பெரிய இடமென்றால் வாய் நிறையப் பேசுவதில் கவிகளும் நம்மைப் போலத்தான்.

நுரைச்சி அலைக்கு அலை பிறந்தாள். அலைக்கு அலை செத்தாள். கரையில் காளியரசி என்ற மீனவப் பெண் வலையைப் பிரித்து உலர்த்திக்கொண்டிருப்பாள். சற்றுத் தள்ளி, மணலில் விரித்த சேலையில் அவள் குழந்தை தூங்கும். அதன் முகத்தை ஒரு தரம் கிட்டத்தில் பார்த்துவிட வேண்டும் என்று நுரைச்சிக்குக் கொள்ளை ஆசை. பார்ப்பதற்குள் உயிர் போய்விடும்.

ஒருநாள், சாவுக்கும் பிறப்புக்கும் நடுவே கிடைத்த நேரத்தில் அவள் கவியிடம் ஓடினாள்.

“ஐயா, எல்லாருக்கும் ஆயுசை அள்ளிக் குடுத்தீங்க. எனக்கு மட்டும் ஒரு மூச்சுதானா? நான் என்ன பாவம் பண்ணினேன்?”

கவிக்கு முகம் சுருங்கிவிட்டது. “எழுதும்போது உன்னைப் பத்தி யோசிக்கவே இல்லம்மா,” என்றார். உடனே ஒரு வரி சேர்த்தார்: ‘நுரைச்சி சாவதில்லை.’

அடுத்த அலையில் அவள் மணலைத் தொட்டாள்; மறையவில்லை. சிப்பிகளைத் தாண்டினாள், நண்டு வளைகளைத் தாண்டினாள். குழந்தையின் முகம் தெரிந்தது. தூக்கத்தில் அது சிரித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் இரைச்சல் கேட்டது. பெருநீரான் கூடவே வந்துகொண்டிருந்தான்.

“நில்லுங்க! குழந்தை இருக்கு!”

“எங்கே நிற்பது?” என்றான் பெருநீரான். அவன் குரலிலும் பயம் இருந்தது. “நீ செத்த இடத்தில்தான் நான் திரும்புவேன். வேறு எல்லை எனக்குத் தெரியாதே!”

“ஐயா, அந்த வரியை அடிச்சிடுங்க!” என்று அலறினாள் நுரைச்சி.

கவி எழுதுகோலை எடுத்தார். உயிர்ப்பிச்சை கேட்டு வந்தவளைத் தன் கையாலேயே கொல்ல வேண்டுமா? அடிக்க மனம் வரவில்லை.

தண்ணீர் சேலையின் ஓரத்தைத் தொட்டது. நுரைச்சி காத்திருக்கவில்லை. குழந்தையின் முகத்தை ஒரு தரம் பார்த்தாள், அதன் காலடியில் விழுந்து தானே உடைந்தாள். கவி எழுதாத சாவு அது. பெருநீரான் அந்த இடத்தைப் பார்த்தான், திரும்பிவிட்டான்.

காளியரசி பதறி ஓடி வந்து குழந்தையை வாரி எடுத்தாள். “பாழாப்போன கடலே, இம்புட்டுத் தூரமா ஏறுவ?” என்று திட்டிக்கொண்டே, பிஞ்சுக் காலில் ஒட்டியிருந்த நுரையை முந்தானையால் துடைத்தாள்.

கவி அழுதார். பொய்யாகிப் போன வரிதானே, இனி எதற்கு என்று அதை அடிக்கப் போனார். அதற்குள் அடுத்த அலை எழுந்தது. அதற்கு முன்னே, எங்கே சாக வேண்டும் என்று தெரிந்தவளாக, நுரைச்சி ஓடி வந்துகொண்டிருந்தாள்.

கவி அந்த வரியை அடிக்கவில்லை.