சாவி ஐயாவின் வெறுங்கை

மலையடிவாரத்து மடத்தில் மாசிலாமணிக்கு ஒரே ஒரு வேலை. அரிசியும் பருப்பும் வைக்கும் உக்கிராண அறையின் சாவியைப் பத்திரமாக வைத்துக்கொள்வது. ஒரு சாண் நீளத்தில் கருத்த இரும்புச் சாவி. அதை இடுப்புக் கயிற்றில் கோத்துக்கொண்டு அவர் நடந்து வந்தால் மடத்துப் பூனைகூட வழிவிடும்.

மனைவி போனபின் மகன் வீட்டில் ஓர் ஓரமாக இருந்து பார்த்தார். யாரும் ஒரு குறையும் வைக்கவில்லை, ஒரு வேலையும் சொல்லவில்லை. அந்த இரண்டாவதுதான் அவருக்குத் தாங்கவில்லை. மடத்துக்கு வந்து, அதை நடத்தும் உலகம்மை அம்மாளிடம் சீடராகச் சேர்ந்தார். அம்மாள் அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் மாசிலாமணி அவரை அம்மா என்பார். அம்மாள் இவரை ஐயா என்பார்.

வந்த புதிதில், அன்னதானப் பந்தியில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வேகத்தில் வலிப்பு வந்தது. இரும்பைக் கையில் கொடுக்கச் சொல்லி யாரோ கத்தினார்கள். மாசிலாமணி சாவியை அவிழ்த்துப் பிஞ்சுக் கைக்குள் திணித்தார். கொஞ்ச நேரத்தில் வலிப்பு நின்றது. அன்றோடு அவர் பெயர் சாவி ஐயா ஆகிவிட்டது.

அதன்பிறகு சுற்றுவட்டாரத்தில் எந்தக் குழந்தைக்கு இழுத்தாலும் மடத்து வாசலில் ஒரு பைக் வந்து நிற்கும். அவர் போவார், சாவியைக் கொடுப்பார், குழந்தை கண் விழிக்கும். சில சமயம் அவர் போய்ச் சேர்வதற்குள்ளேயே விழித்திருக்கும். அதுவும் சாவி கிளம்பிவிட்ட மகிமை என்றார்கள் ஊரார். கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒன்றுக்கும் ஆகாதவன் என்று தன்னையே நினைத்திருந்த மனுஷருக்கு அந்தக் கும்பிடு சோற்றைவிட ருசித்தது. அதில் குற்றம் சொல்ல நமக்கு வாய் வராது.

அம்மாள் ஒன்றிரண்டு முறை சொல்லிப் பார்த்தார். சாவி இருக்கட்டும், முதலில் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்றார். மாசிலாமணி தலையை ஆட்டினார். புகழ் புகுந்த காதில் புத்தி ஏறக் கொஞ்சம் சிரமம்தான்.

ஓர் ஆடி வெள்ளி. மடத்தில் நல்ல கூட்டம். செங்கல் சூளையில் வேலை பார்க்கும் பேச்சித்தாய், மகள் செண்பகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். நடை பழகிச் சில மாதமே ஆன குழந்தை. காலையிலிருந்தே மேல் சுட்டது. திருநீறு பூசிக்கொண்டு போகலாம் என்று வந்திருந்தாள். வரிசை நகர்வதற்குள் செண்பகத்தின் கண்கள் மேலே செருகின. கையும் காலும் விறைத்து வெட்டி இழுத்தன.

கூட்டம் சாவி ஐயாவைத் தேடியது. அவர் இடுப்பைத் தடவிப் பார்த்தார். கயிறு இருந்தது, சாவி இல்லை.

உக்கிராணத்துக்கு ஓடினார். கதவு திறந்திருந்தது, பூட்டில் சாவி இல்லை. மூட்டைகளுக்குப் பின்னால் தேடினார். கிணற்றடியில் தேடினார். வேட்டி தடுக்கி விழுந்து முழங்கால் சிராய்த்தது. தன் கவனக்குறைவால் ஒரு பச்சைப்பிள்ளை போய்ச் சேரப்போகிறது என்று அவருக்கு அழுகை முட்டியது. கடைசியில் வெறுங்கையோடு திரும்பினார்.

கூட்டம் விலகி நின்றிருந்தது. நடுவில் பாயின்மேல் செண்பகம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் அம்மாள் உட்கார்ந்து, குழந்தையின் வாயோரம் வழிந்த எச்சிலை ஒரு கையால் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னொரு கை பேச்சித்தாயின் கையைப் பிடித்திருந்தது. பல்லுக்கு நடுவே வைக்க என்று ஒருவர் கொண்டுவந்த கரண்டி, அம்மாள் பார்த்த பார்வையில் அவர் கையிலேயே நின்றுவிட்டது. ஆட்டோவுக்கு முதலிலேயே ஆள் போயிருந்தது.

வலிப்பு நின்றிருந்தது. சற்றைக்கெல்லாம் குழந்தை சிணுங்கியது, பிறகு தாயைத் தேடி வீறிட்டு அழுதது. அவ்வளவு இனிமையான அழுகையை மாசிலாமணி அதற்குமுன் கேட்டதில்லை.

ஆட்டோவில் அம்மாளும் கூடவே ஏறினார். ஏறும்போது முந்தானை முடிச்சில் கருப்பாக ஏதோ தொங்கியது. மாசிலாமணி உற்றுப் பார்த்தார். அவருடைய சாவி.

பொழுது சாயத் திரும்பி வந்தார்கள். காய்ச்சல் இறங்கியிருந்தது. செண்பகம் பிஸ்கட்டும் கையுமாகப் பூனையைத் துரத்தினாள். காய்ச்சலோடு சின்னப் பிள்ளைகளுக்கு இப்படி வருவதுண்டு, வளர வளரப் பெரும்பாலும் விட்டுவிடும், நிற்காமல் இழுத்தால் மட்டும் ஒரு நிமிஷமும் வீணாக்காமல் தூக்கிக்கொண்டு வா என்று டாக்டர் சொன்னதைப் பேச்சித்தாய் கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லச் சொல்ல அவள் முகம் தெளிந்தது.

எல்லோரும் போனபின் மாசிலாமணி அம்மாள் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"சாவி உங்ககிட்டதான் இருந்திருக்கு."

"ஆமா ஐயா. அரிசி எடுக்கணும்னு காலையில வாங்கினேனே. பதற்றத்துல மறந்துட்டீங்க."

"பிள்ளை கையில ஏன் குடுக்கல?"

"பிள்ளைக்கு அது தேவைப்படல. தாய் கைதான் நடுங்குச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டேன்."

மாசிலாமணி முழங்கால் சிராய்ப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை வீடுகள், எத்தனை கும்பிடுகள் என்று மனம் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"அப்போ இவ்வளவு காலமும் காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதானா?"

"வலிப்பு நின்னது அப்படித்தான்."

"நான் ஒண்ணுமே செய்யலையா அம்மா?"

"நீங்க மடத்துக்கு வர்றதுக்கு முன்னால, இழுக்கிற பிள்ளைக வாயில கரண்டியைத் திணிச்சாங்க. பல்லு உடைஞ்ச பிள்ளைகளை நான் பாத்திருக்கேன். நீங்க சாவியோட வந்தீங்க, கரண்டி போச்சு. இன்னைக்குச் சாவியைக் காணோம்னதும் அது திரும்ப வந்துச்சு, பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"இனி சாவியும் போகட்டும்."

மாசிலாமணி இடுப்புக் கயிற்றை மெல்ல அவிழ்த்துக் கீழே வைத்தார். மகன் வீட்டு மூலை நினைவுக்கு வந்தது.

"நாளைக்கு ஒரு பிள்ளைக்கு இழுக்குதுன்னு ஆள் வந்து நிப்பாங்க. நான் என்னத்தைக் கொண்டுபோறது?"

அம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, சாவியைச் சுவர் ஆணியில் மாட்டினார்.

"வெறுங்கையோடயே நீங்க போங்க, ஐயா. அங்கயும் ஒரு தாய் கை நடுங்கும்."