காயை விட்டுப் பழத்தை அடித்த செவ்வந்தி

மூங்கில்மடுக் காட்டில் வீரணன் என்றொரு கரடி இருந்தது. குட்டிகளுக்குப் பந்தடிக்கக் கற்றுத் தருவதுதான் அதன் வேலை. ஒருவர் பந்து வீச, இன்னொருவர் உருட்டுக் கட்டையால் அதை அடித்துவிட்டு, நான்கு மரங்களைச் சுற்றி ஓடிவரும் ஆட்டம். ஒரு சுற்று ஓடிவந்தால் ஒரு புள்ளி. ஊரில் பேஸ்பால் என்கிறார்களே, அதேதான். தாறுமாறான பந்தை அடிக்காமல் விட்டுவிடலாம். ஆனால் அடிக்கப்போய்ப் பந்து படாவிட்டால் தப்பு. நேராக வரும் பந்தை விட்டாலும் தப்பு. மூன்று தப்பு செய்தால் வெளியே! மூன்று பேர் வெளியேறினால் அந்த அணியின் முறை முடிந்தது.

வீரணனுக்குத் தன் தொண்டை மேல் அப்படியொரு பெருமை. ஒவ்வொரு பந்துக்கும், "அடி!", "விடு!" என்று பின்னால் நின்று கத்தும். மடுவில் நீர் குடிக்கும் மான்கள்கூடத் திடுக்கிட்டு ஓடும். குட்டிகளும் அந்தக் குரல் சொன்னபடியே அடித்தன, சொன்னபடியே விட்டன.

"என் பிள்ளைங்க நான் கிழிச்ச கோட்டைத் தாண்ட மாட்டாங்க!" என்று கரடி மார்தட்டிக்கொள்ளும்.

கோட்டைத் தாண்டவில்லைதான். ஆனால் மூன்று வருஷமாக அக்கரைக் குரங்குகளிடம் ஜெயிக்கவும் இல்லை. ஜெயித்தவர்களுக்கே மடுவோரப் புல்வெளி. தோற்றவர்கள் அடுத்த வருஷம்வரை முள்ளுக்காட்டில்தான் ஆட வேண்டும். குட்டிகளின் பாதங்களைப் பார்த்தாலே பாவமாக இருக்கும். வீரணனோ, "இன்னும் உரக்கக் கத்தினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று நினைத்தது.

இந்த வருஷப் போட்டிக்குப் பத்து நாள் இருந்தது. தேனெடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா? வீரணன் தேனடையிலேயே வாயை வைத்துவிட்டது! ஏழெட்டுத் தேனீக்கள் நாக்கில் கொட்டின. நாக்கு பலாச்சுளை மாதிரி வீங்கிவிட்டது. பேச்சே வரவில்லை.

அன்றும் அது பயிற்சிக்கு வந்தது. காட்டெலுமிச்சை மரத்தில் ஒரு பழத்தைப் பறித்து நேராக வீசியது. தும்பை என்ற முயல் கட்டையைத் தூக்கியபடியே நின்றது. பழம் மூக்கோரமாகப் பறந்து போயிற்று.

"வாத்தியாரே, நீங்க கத்தவே இல்லையே!" என்றது தும்பை.

அடுத்துச் செவ்வந்தி வந்தது. அது கீரிக்குட்டி. பாம்பு சீறும் வேகத்தையே கண்ணால் பிடிக்கிற இனம்! அதுகூடக் காதை விறைத்துக்கொண்டு குரலுக்காகக் காத்து நின்றது. பழம் போயே போய்விட்டது.

வீரணனுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. 'இத்தனை வருஷமாக இவர்களின் காதுக்குத்தானே பாடம் நடத்தியிருக்கிறேன்! கண்ணுக்கு என்ன சொல்லிக் கொடுத்தேன்?' வெட்கத்தில் அதற்குத் தலை நிமிரவில்லை.

கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு பச்சைக் காய்களையும் மஞ்சள் பழங்களையும் ஒரு குவியலாகப் பறித்துப்போட்டு, மாற்றி மாற்றி வீசத் தொடங்கியது. என்ன செய்ய வேண்டும் என்று சொல்லத்தான் வாயில்லை!

செவ்வந்தி உற்றுப் பார்த்தது. "காய் வந்தா விட்டுடறோம், பழம் வந்தா அடிக்கிறோம்! சரிதானே, வாத்தியாரே?"

கரடி வேகவேகமாகத் தலையாட்டியது.

முதல் நாள் ஒரே கூத்து. காயை அடித்தார்கள், பழத்தை விட்டார்கள், தும்பை தன் காலையே அடித்துக்கொண்டது. நாலாம் நாள் தப்புகள் பாதியாகக் குறைந்தன. ஒன்பதாம் நாள் செவ்வந்தி குதித்தது. "உங்க கையை விட்டுக் கிளம்பும்போதே நிறம் தெரியுது, வாத்தியாரே!" தும்பை குந்தியபடி அடித்தது. செவ்வந்தி கடைசி நொடிவரை காத்திருந்து அடித்தது. குரல் இருந்திருந்தால் வீரணன் இருவரையும் திட்டித் திருத்தியிருக்கும். நல்லவேளை, இல்லை!

போட்டி நாளும் வந்தது. வீரணனின் நாக்கு வீக்கம் வற்றிக் குரலும் திரும்பியிருந்தது. கடைசி முறை ஆடும்போது குரங்குகள் ஒரு புள்ளி முன்னால் இருந்தன. இரண்டு குட்டிகள் வெளியேறிவிட்டன. தும்பை மூன்றாவது மரம்வரை ஓடிவந்து நின்றது. செவ்வந்தி கட்டையோடு வந்தது. இரண்டு பந்துகளைத் தவறவிட்டது. இன்னும் ஒரு தப்பு, புல்வெளி போச்சு!

பந்து வீசும் நெட்டைவால் குரங்கு இளித்தது. "என்ன கீரி, வாத்தியார் சொல்லாம கை அசையாதோ?"

செவ்வந்தி பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தது. "வாத்தியாரே, நீங்களே சொல்லுங்க!"

வீரணன் தன் வாயை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு, பந்தைப் பார் என்று தாடையால் காட்டியது.

நெட்டைவால் வீசியது. பந்து வெளியே விலகிப் போவதுபோல் வந்தது. 'விடு!' என்ற சொல் கரடியின் தொண்டைவரை வந்துவிட்டது. கைகளை இன்னும் இறுக்கிக்கொண்டது. கடைசி நொடியில் பந்து வளைந்து நேராக உள்ளே வந்தது. செவ்வந்தி அதற்காகவே காத்திருந்தது. பளீர்! பந்து மூங்கில் புதரைத் தாண்டி மடுவில் விழுந்தது. தும்பை ஓடிவந்தது. அதன் பின்னாலேயே செவ்வந்தியும் நான்கு மரங்களைச் சுற்றி வந்துவிட்டது. ஜெயித்துவிட்டார்கள்!

"ஏன் வாத்தியாரே ஒண்ணுமே சொல்லல?" மூச்சு வாங்கக் கேட்டது செவ்வந்தி.

"சொல்லியிருந்தா தோத்திருப்போம், கண்ணு! நான் விடுன்னு கத்தியிருப்பேன். உனக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல!"

அதைச் சொல்லும்போது வீரணனுக்குத் துளிகூட வெட்கமில்லை. பெருமை தாங்கவில்லை. செவ்வந்தியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, "அவளே பார்த்தா! அவளே அடிச்சா!" என்று எதிரே வந்த எறும்பைக்கூட நிறுத்திச் சொன்னது.

சொன்னபடி செய்ய வைப்பவன் பாதி ஆசான்தான். தானே பார்த்துச் செய்யும்படி வளர்த்துவிட்டு, வேளை வரும்போது வாய்மூடி நிற்பவனே முழு ஆசான்.