கடுவாயியின் வீரப்படை

அல்லிக் குளத்தங்கரையில் ஒரு செவ்வெறும்புப் புற்று இருந்தது. அதற்குக் காவல்தலைவி கடுவாயி. வாய் பெரிசு. புத்தியும் அங்கேயேதான் குடியிருந்தது.

அந்தப் புற்றில் காவல் எறும்புகள் வாயை இறுக மூடிக்கொண்டு தூங்கும். பகை வந்தால், வாசலில் நிற்பவள் அடுத்தவளின் காலைக் கடிப்பாள். கடிபட்டவள் விழித்து இரண்டு பேரைக் கடிப்பாள். இரண்டு நாலாகும், நாலு எட்டாகும். ஒரு நொடியில் புற்று முழுக்க வாயாக நிற்கும்!

ஆனால் விழித்தவளுக்கு ஆள் தெரியாது. எதிரே பட்டதைக் கடிப்பாள். அதனால் மெத்தாயி என்ற வயசான எறும்பு, முட்டைகளுக்கும் சொந்தபந்தங்களுக்கும் புற்றின் வாசனையைப் பூசி வைப்பாள். வாசனை இருந்தால் கடி விழாது. சண்டை முடிந்ததும் ஒவ்வொருத்தி தலையையும் தடவி வாயை மூட வைப்பதும் அவள்தான்.

கடுவாயிக்கு இது பொறுக்கவில்லை.

"ஏன்க்கா, நீங்க ஒருத்தனையாவது கடிச்சிருக்கீங்களா?"

"இல்லையே தாயி."

"பூசுறதும் தடவுறதும் ஒரு வேலையா? என் படையோட வீரத்தையே மழுங்கடிக்கிறீங்க! கிளம்புங்க!"

மெத்தாயி குளத்தோரம் ஒரு சருகுக்கடியில் போய் உட்கார்ந்தாள். தலைவியின் துணிச்சலை எல்லாரும் மெச்சினார்கள். மெச்சாதவர்களைக் கடுவாயி ஒரு பார்வை பார்த்தாள். அவர்களும் மெச்சினார்கள்.

மூன்றே நாளில் பூசின வாசனை காய்ந்து போனது. நாலாம் நாள் ஒரு சாணி வண்டு வழி தவறி வாசலில் தலையை நீட்டியது.

"பகை! பகை!"

காலுக்குக் கால் கடி ஓடியது. "ஐயோ, வழி கேட்கத்தானே வந்தேன்!" என்று வண்டு சொல்லி முடிப்பதற்குள் ஓடு மட்டும் மிச்சம். அதிலும் ஆயிரம் ஓட்டை!

"இதுதான் வீரம்! சரி, போதும்டி, தூங்குங்க!" என்றாள் கடுவாயி.

யார் தூங்கினார்கள்? படை திரும்பி முட்டையறைக்குள் புகுந்தது.

"அடியே, அது நம்ம முட்டைடி!"

"வாசனை இல்லையே!"

"நான் உங்க தலைவிடி!"

"உன் மேலயும் இல்லையே!"

ஒரே கடி. தலைவியின் கால் ஒன்று போனது.

மிச்ச ஐந்து காலோடு குளத்தோரம் ஓடினாள் கடுவாயி. "அக்கா! முட்டையெல்லாம் போகுதுக்கா! வாங்கக்கா!"

மெத்தாயி சருகை விலக்கிக்கொண்டு கிளம்பினாள். அவள் மேல் புற்றின் வாசனை காயவில்லை; நேரே முட்டையறைக்குள் நுழைந்தாள். உயிரோடிருந்த முட்டைகளில் வாசனையைப் பூசினாள். வாயைப் பிளந்து நின்றவர்களின் தலையைத் தடவினாள். "போதும் கண்ணு, போதும்." ஒவ்வொரு வாயாக மூடியது.

பாதி முட்டைதான் தேறியது. மறு பாதியைக் கடுவாயி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். அதில் ஒன்றைக்கூட அந்த வண்டு தொட்டிருக்கவில்லை.

அடிக்க ஆயிரம் பேர் இருந்தும், போதும் என்று நிறுத்த ஒருத்தர் இல்லாத வீட்டுக்கு வெளியிலிருந்து பகை வரத் தேவையே இல்லை.