ராஜா வீட்டுப் பாத்திரம்

முன்னொரு காலத்தில், எந்த ஊர், எந்த வருஷம் என்று மட்டும் என்னைக் குடையாதீர்கள், ஒரு ராஜாவுக்குத் தோட்டம் போடும் ஆசை வந்தது. அவர் பெயர் கீர்த்திவளவர். ராஜாக்களுக்கு யானை மேல் ஆசை வரும், பக்கத்து நாட்டின் மேல் ஆசை வரும். இவருக்குக் கத்தரிச் செடி மேல் வந்தது. அந்த நாடு செய்த புண்ணியம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அரண்மனைக் கொல்லையை உழுது போட்டார்கள். கூடையில் விதை வந்தது. "எவ்வளவு ஊன்றட்டும் மகாராஜா?" என்று தோட்டக்காரன் கேட்டான். "இருப்பது எல்லாவற்றையும்" என்றார் ராஜா. ஒரே ஒரு சுரைக்கொடி ஒரு தெருவுக்கே காணும் என்பதை அவரிடம் யார் சொல்வது? ராஜாவோ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே குடம் எடுத்துத் தண்ணீர் ஊற்றினார்.

சித்திரை பிறந்ததோ இல்லையோ, காய்த்தது பாருங்கள்! கத்தரி, வெண்டை, பாகல், புடலை, பீர்க்கு, கொத்தவரை, சுரை, வெண்பூசணி. பறிக்கப் பறிக்க மறுநாள் காலையில் அத்தனையும் மறுபடி தொங்கும். முதல் நாள் கத்தரிக்காய்ப் பொரியல் சபையில் பரிமாறப்பட்டது. "அமிர்தம்!" என்றார்கள் மந்திரி பிரதானிகள். அமிர்தம் என்று சொன்னவர்களுக்கு மறுநாளும் அதே அமிர்தம். மூன்றாவது வாரம் சேனாதிபதி வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டார். ராணி தாய்வீட்டுக்குப் புறப்பட்டுப் போனார். அரண்மனைக் கூடத்தில் பூசணி குவிந்து, ராஜா சிம்மாசனத்துக்குச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

அந்தச் சபையின் விகடகவி உலகளந்தான். பெயர்தான் அப்படி, ஆள் குள்ளம். அவனும் அவன் மனைவி செங்கமலமும் குடியிருந்த வீடும், அதன் பின்னால் பாய் விரித்தாற்போல் இருந்த சின்னக் கொல்லையும் ராஜா கொடுத்தவை. அந்தக் கொல்லையில் செங்கமலம் முளைக்கீரை போட்டிருந்தாள். அவன் ஆயிரம் பேரைச் சிரிக்க வைத்துவிட்டு வந்தாலும், அந்தக் கீரைப் பாத்தியின் ஓரத்தில் உட்கார்ந்தால்தான் அவனுக்கு மூச்சு வரும்.

அந்தக் கொல்லையின் மேல் கண் வைத்திருந்தவர் பரிமளராயர், அரண்மனைச் சாமான் கிடங்கான உக்கிராணத்துக்கு அதிகாரி. தன் வீட்டுக்கு அடுத்த நிலம் ஒரு கோமாளியிடம் கிடக்கிறதே என்று அவருக்கு வயிற்றெரிச்சல். அவர் ஒருநாள் சபையில் எழுந்தார்.

"மகாராஜா, தங்கள் திருக்கரத்தால் நீர் வார்த்து வளர்த்த காய்கள் அழுகினால் அது நாட்டுக்கே இழுக்கு. இதற்கு யுக்தி சொல்ல நம் உலகளந்தானை விட்டால் ஆள் யார்?"

ராஜாவின் முகம் சுருங்கிவிட்டது. "உண்மைதான். உலகளந்தா, ஒரு காய் அழுகக் கூடாது. மாட்டுக்குப் போடக் கூடாது. விற்கவும் கூடாது, தானமாகவும் கொடுக்கக் கூடாது. பெற்ற பிள்ளையை யாராவது தானம் கொடுப்பார்களா?"

"கொடுக்க மாட்டார்கள் மன்னா. ஆனால் பிள்ளை நாலு வீட்டுக்குப் போய்விட்டு வரலாமல்லவா?"

"போகலாம். வீடு திரும்ப வேண்டும்."

பரிமளராயர் விடுவாரா? "அப்படியானால் ஆடி முதல் நாளுக்குள் திரும்ப வேண்டும் மகாராஜா. காய் போன வீடுகளில் ஒரு வீட்டிலிருந்து வராமல் போனாலும், இவன் தன் வீட்டையும் கொல்லையையும் விட்டுவிட்டு ஊரைவிட்டே போக வேண்டும்."

ராஜாவுக்குக் காய்ப்பித்து தலைக்கேறியிருந்த சமயம். "அப்படியே ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார்.

உலகளந்தான் வீட்டுக்கு வந்து பாத்தி ஓரத்தில் உட்கார்ந்தான். சிரிப்பு எல்லாம் போய்விட்டது. சமைத்த காய் எங்கேயாவது திரும்பி வருமா? இந்தக் கீரை, இந்தக் கிணறு, எல்லாம் போய்விடுமா? நினைக்க நினைக்க அவனுக்கு அழுகை வந்தது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி சுவரோரம் வந்து, "செங்கமலம், நேத்து மாவு குடுத்தேனே, அந்த ஏனத்தைக் குடேன்" என்றாள்.

செங்கமலம் பாத்திரத்தைக் கழுவினாள். கொடுக்கவில்லை. ஓடிவந்து பாத்தியில் இரண்டு பிடி கீரையைக் கிள்ளிப் பாத்திரத்தில் போட்டாள்.

"அவங்க பாத்திரத்தைத்தானே கேட்டாங்க? கீரை எதுக்கு?" என்றான் உலகளந்தான்.

"நல்லா இருக்கே! வெறும் ஏனத்தை எப்படித் திருப்பிக் குடுக்கறது? எந்த வீட்டுல குடுப்பாங்க?"

உலகளந்தான் எழுந்து குதித்தான். இந்த வழக்கம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒரே வீடு அரண்மனை. அது யாரிடமும் பாத்திரம் வாங்கியதும் இல்லை, யாருக்கும் அனுப்பியதும் இல்லை.

மறுநாள் முதல் ராஜமுத்திரை போட்ட பித்தளைப் பாத்திரங்கள் அரண்மனையிலிருந்து புறப்பட்டன. குவிந்து கிடந்த காயையும் அன்றன்று பறித்த காயையும் நிரப்பி, உலகளந்தானே முன்னின்று வீடுவீடாகக் கொடுத்தான். குயவர் தெரு, செக்கார் தெரு, கோயில் வாசலில் பூக்கட்டுகிறவர்கள், ஆற்றங்கரைக் குடிசைகள், ஒன்றையும் விடவில்லை. பரிமளராயர் வீட்டு வாசலிலும் ஒரு பாத்திரம் பாகற்காயை இறக்கினான்.

"ராஜா வீட்டுப் பாத்திரம் தாயி. காயை எடுத்துக்கிட்டு, ஆடி பொறக்கறதுக்குள்ள பாத்திரத்தை அரண்மனையில குடுத்துடுங்க" என்பான். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டான்.

வைகாசி போயிற்று, ஆனி போயிற்று. அரண்மனைக் கூடம் காலியாயிற்று. சேனாதிபதிக்கு வயிற்றுவலி தீர்ந்தது. ஒரு பாத்திரம்கூடத் திரும்பவில்லை. நல்ல வெயில் காலம், மொட்டைமாடி எங்கும் பாயும் துணியும் விரித்துக் கிடந்தன. பரிமளராயர் மாத்திரம் மாலை வேளைகளில் தன் வீட்டு மதில் வழியாக உலகளந்தானின் கொல்லையை எட்டிப் பார்த்து, இங்கே ஒரு ஊஞ்சல் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

ஆடி முதல் நாள். ராஜா சபையில் வந்து உட்கார்ந்தார். வாசலில் ஒருவரும் இல்லை. உலகளந்தான் வீதியை எட்டி எட்டிப் பார்த்தான். 'இத்தனை வருஷம் இந்த ஊர் ஜனங்களை நம்பிப் பிழைத்தேன். இன்றைக்கும் அவர்களை விட்டால் எனக்கு யார்?' என்று நினைத்துக்கொண்டான்.

அப்போது வீதி முனையில் சத்தம் கேட்டது. குயவர் தெருப் பெண்கள் முதலில் வந்தார்கள். இடுப்பில் பாத்திரம், மேலே வாழையிலை மூடி. "நல்ல நாள்ல குடுப்போம்னு வெச்சிருந்தோம் மகாராஜா" என்றார்கள். இலையை எடுத்தால் கத்தரி வத்தல்! அடுத்ததில் மோரில் ஊறிக் காய்ந்த வெண்டை வத்தல். அதற்கடுத்து பூசணி வடகம், கொத்தவரை வத்தல். சிலருக்கு முந்தைய நாள்தான் பிஞ்சுக் காய் கொடுத்திருந்தான். அவர்கள் புடலங்காய்க் கூட்டும் பீர்க்கங்காய்த் துவையலும் சுடச்சுடக் கொண்டுவந்தார்கள். கூடம் மறுபடி நிரம்பியது. வாசனை தூக்கியது.

பரிமளராயர் பதறி எழுந்தார். "மகாராஜா, இது மோசடி! போனது காய். வந்திருப்பது ஏதோ சுருங்கிய சருகு!"

உலகளந்தான் கை கூப்பினான். "மன்னா, நம் வீட்டுப் பிள்ளை வெளியூர் போய், வெயிலில் கறுத்து இளைத்துத் திரும்பி வருகிறான். நீ அவனில்லை என்று வாசலில் நிறுத்திவிடுவோமா?"

ராஜா ஒரு கத்தரி வத்தலை எடுத்துப் பார்த்தார். அதன் காம்பைத் தடவினார். "என் பிள்ளைதான்" என்றார்.

பிறகு அவர் கூட்டைத் தொட்டு நாக்கில் வைத்தார். துவையலைத் தொட்டார். ஒரு வீட்டில் தேங்காய் அரைத்துவிட்டிருந்தார்கள், இன்னொரு வீட்டில் மிளகு தட்டிப் போட்டிருந்தார்கள். அவர் கண் கலங்கிவிட்டது. "இருபது வருஷமாக இந்த ஊரை ஆள்கிறேன். உங்கள் வீட்டு ருசி எனக்கு இன்றைக்குத்தான் கிடைத்தது. நீங்கள் நன்றாயிருக்க வேண்டும்."

அப்போது கயிறு திரிக்கும் பேச்சாயி முன்னே வந்தாள். பாத்திரத்தை நீட்டவே அவளுக்குக் கூச்சம். உள்ளே சாம்பலில் புரட்டிக் காயவைத்த சுரை விதைகள் மட்டும் இருந்தன.

"அஞ்சு புள்ளைங்க மகாராஜா. சுரைக்காயை ஒரே வேளையில தின்னுடுச்சுங்க. வயிறு குளுந்துச்சு. வெறும் ஏனமா குடுக்க மனசு வரலை. விதையை மட்டும் பத்திரமா எடுத்து வெச்சேன்."

"காய் எங்கே?" என்று பரிமளராயர் துள்ளினார். "இந்த வீட்டிலிருந்து காய் திரும்பவில்லை! நிபந்தனை முறிந்தது!"

உலகளந்தான் பேச்சாயியின் பக்கம் திரும்பினான். பசியாறிய ஐந்து குழந்தைகளை வைத்து என்ன விகடம் சொல்வது?

ராஜாவே எழுந்து வந்தார். விதையைத் தன் உள்ளங்கையில் கொட்டிக்கொண்டார். "ராயரே, நான் தோட்டக்காரன். இதற்குள் எத்தனை சுரைக்காய் இருக்கிறது என்று எனக்கா சொல்ல வேண்டும்? எல்லோரையும்விட அதிகமாகத் திருப்பிக் கொடுத்தவள் இவள்தான். தாயே, வருகிற வருஷம் முதல் காய் உன் வீட்டுக்கு." பேச்சாயி கும்பிட்டபடியே அழுதாள்.

பரிமளராயர் அதற்கும் அசரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். "இருக்கட்டும் மகாராஜா. ஆனால் இன்னும் ஒரு வீட்டுப் பாத்திரம் வரவில்லை."

"எந்த வீடு?"

"சொல்ல வருத்தமாக இருக்கிறது. என் வீடுதான். பாத்திரம் எங்கோ தொலைந்துவிட்டது. நானும் தேடாத இடமில்லை. நிபந்தனை நிபந்தனைதானே?"

உலகளந்தானுக்குக் கீரைப் பாத்தி கண்முன்னால் வந்து போயிற்று.

அந்த நேரத்தில் வாசலில் மூச்சிரைக்க ஓர் அம்மாள் வந்து நின்றாள். பட்டுப் புடவை, கையில் பித்தளைப் பாத்திரம். பரிமளராயரின் மனைவி அலர்மேலம்மாளேதான்!

"மன்னிச்சுக்கணும் மகாராஜா, நேரமாயிடுச்சு. ஊரெல்லாம் குடுத்தாச்சு, எங்க வீட்டுப் பாத்திரம் மட்டும் நிக்குதேன்னு மானம் போச்சு எனக்கு! இவர் மறதியா பரண் மேல, பழைய பெட்டிக்குப் பின்னால வெச்சு, மேல கோணியையும் போட்டு மூடிட்டார். நல்ல வேளை, அன்னைக்கே எலி உருட்டுச்சு. பார்த்தா பாகற்காய்! உப்புப் போட்டு மோர்ல ஊற வெச்சுக் காய வெச்சுட்டேன். இன்னிக்குத்தான் வறுத்தேன். சாப்பிட்டுப் பாருங்க, கசக்கவே கசக்காது."

ராஜா ஒரு துண்டை வாயில் போட்டார். பிறகு பரிமளராயரைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கிரீடம் சரிய, பூசணி வடகப் பாத்திரத்தின் மேலேயே சாய்ந்து சிரித்தார். சபையும் சிரித்தது. என்ன விஷயம் என்று புரியாமல் அலர்மேலம்மாளும் சிரித்தாள்.

"ராயரே, உம்முடைய நிபந்தனையை உம் வீட்டம்மாளே நிறைவேற்றிவிட்டார். வருகிற கோடைக்குத் தோட்டத்துக்குக் குடம் சுமக்கும் வேலை உமக்கு. உலகளந்தா, அந்த வீடும் கொல்லையும் உன் சந்ததி உள்ளவரை உனக்கே!" என்று சொல்லி, தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தார். உலகளந்தான் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அன்றைக்கு அவனுக்கு ஒரு விகடமும் தோன்றவில்லை. திரும்பி நின்று, பாத்திரம் கொண்டுவந்த அத்தனை பெண்களையும் தரையில் விழுந்து கும்பிட்டான்.

மறுநாள் விடிந்ததும் செங்கமலம் அந்த வெள்ளிக் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து அரண்மனைக்கு எடுத்துப் போனாள். உள்ளே இரண்டு பிடி முளைக்கீரை. ராஜா அதை மசித்துச் சாப்பிட்டார். கிண்ணத்தை வெறுமனே அனுப்ப அவருக்கும் இப்போது மனசு வரவில்லை. தோட்டத்துக்குப் போய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாலு பிஞ்சு வெண்டைக்காயைப் பறித்துப் போட்டு அனுப்பினார்.

அப்புறம் என்ன, அந்தக் கிண்ணம் இரண்டு வீட்டுக்கும் நடுவே நடையாய் நடந்தது. ராஜாவும் உலகளந்தானும் இருந்தவரை ஒரு நாள்கூட அது வெறுமனே போகவில்லை.