வயலில் கல்லைப் பார்த்த கம்பைலர்

முதலில் வம்புக்கு வந்தவன் மதிவாணன்தான். அரிசியில் கலந்த கறுப்பரிசியைக் காற்றால் ஊதித் தள்ளிப் பொறுக்கும் மெஷினுக்கு சி மொழியில் ப்ரோகிராம் எழுதியவர் பொன்னுரங்கம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். எழுதினால் மட்டும் சுத்தம். கூட வேலை பார்க்கும் இந்த மதிவாணன் கேட்காமல் கொள்ளாமல் அதற்குள் புகுந்து, "ஊத வேண்டியது எந்தக் காற்றுக்குழாய், அதன் எண் சரியா?" என்று ஒவ்வொரு அரிசிக்கும் சோதிக்கிற ஒரு வரியைச் செருகினான். சோதித்து முடிப்பதற்குள் கறுப்பரிசி குழாயைத் தாண்டிப் போய்விட்டது. கம்பெனியே பொன்னுரங்கத்தைப் பார்த்துச் சிரித்தது.

அவர் அந்த வரியைப் பிடுங்கி எறிந்தார். ஓடும்போது கேட்காதே, கம்பைல் ஆகும்போதே கேட்டுத் தொலை என்பது அவர் கட்சி. காங்கயம் தெய்வசிகாமணி மில்லில் புது மெஷின் முதல் ஓட்டத்திலேயே சுத்தமாகப் பொறுக்கினால், "அண்ணா, என் வரி வேண்டாததுதான்" என்று எல்லோர் முன்னாலும் சொல்வதாக மதிவாணன் ஒப்புக்கொண்டிருந்தான். அந்த வார்த்தையைக் கேட்கத்தான் பொன்னுரங்கம் கம்பெனி வேனில் மதிவாணனையும் கூட்டிக்கொண்டு சலவை வேட்டியில் வந்திருந்தார்.

மெஷினுக்குக் கரண்ட் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அதுவரை வாயை மூடிக்கொண்டிருக்க அவரால் ஆகுமா? தன் கம்பைலர் பெருமையை எடுத்துவிட்டார்.

"கம்பைலர்னா என்னுங்ண்ணா?" என்று மில்காரர் தெய்வசிகாமணி கேட்டுவிட்டார்.

"நாம எழுதினதை மெஷின் பாஷைக்கு மாத்துறவன். குழாய் எத்தனை, நாம எழுதி வெச்சது எத்தனை, ரெண்டும் ஒத்து வரலைன்னா மாத்தவே மாட்டான். சண்டை எல்லாம் கம்பெனியிலயே முடிஞ்சிரும். இங்க வந்தா மெஷின் ஒரு கேள்வி கேக்காம ஓடும்."

"வேகமா ஓடுங்களா?"

"தாராபுரத்துல ஒரு லாரிக்காரன் நெல்லை இறக்கிட்டு இஞ்சினை நிறுத்தப் போனான். அதுக்குள்ள அரிசியாகி லாரியில ஏறிருச்சு. இன்னும் இறக்கவே இல்லையோன்னு மறுபடி இறக்கினான். மறுபடி ஏறிருச்சு. பொழுது சாயற வரைக்கும் ஒரே லோடை இறக்கிட்டே இருந்தான், பாவம்."

அரிசி கூட்டிக்கொண்டிருந்த மாராத்தாள் விளக்குமாற்றை நிறுத்தினாள். "லாரி டீசல்ல ஓடுச்சா, உன்ற வாயில ஓடுச்சா சாமி?"

"சிரி ஆத்தா. கம்பைலரைக் கேள்வி கேக்கப் பழக்கினேன் பாரு, அவனுக்கு ருசி கண்டு போச்சு. ஒருநாள் மாத்த மாட்டேன்னு நிக்கிறான். என்னடான்னா, முத்தூர் நெல்லுல கல்லு இருக்குங்கிறான். போன் போட்டா, முத்தூர்ல இன்னும் அறுப்பே அறுக்கல! வயல்ல எறங்கித் தேடினோம். கிடந்துச்சு, தேங்காய் தண்டி."

"அட, அப்புறம்?" என்றார் தெய்வசிகாமணி.

"அப்புறம் ஒரு கல்யாண வீட்டு அரிசி. சோறு குழையும், சமையல்காரனை மாத்துன்னு அடம். மாத்தினோம், உடனே கம்பைல் ஆயிருச்சு. சாப்பிட உக்காந்தவங்க இலையை விட்டு எந்திரிக்கல. ரெண்டாம் பந்திக்காரங்க நின்னு நின்னு பாத்துட்டு வீட்டுக்குப் போனாங்க."

"பொண்ணும் மாப்பிள்ளையும் ஒத்துப்போவாங்களான்னு சொன்னானா?" என்றாள் மாராத்தாள்.

"கேட்டேன். அது ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்னுட்டான்."

மில்லே சிரித்தது. மதிவாணன் மட்டும் சிரிக்கவில்லை.

தெய்வசிகாமணி பொத்தானை அழுத்தினார். அரிசி அருவியாகக் கொட்டியது. கறுப்பும் வெள்ளையும் கைகோத்துக்கொண்டு ஒரே பக்கம் விழுந்தன. மதிவாணன் மெஷினுக்குப் பின்னால் போய், மூடிக் கிடந்த காற்றுக்குழாயின் திருகைத் திறந்தான். புஸ் புஸ் என்று கறுப்பரிசி தெறித்து ஓடியது.

"ஏஞ்சாமி, காத்து தொறக்கலைன்னு உன்ற கம்பைலர் சொல்லலையா?" என்றாள் மாராத்தாள்.

பொன்னுரங்கம் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"சொல்லாம இருப்பானா? மதிவாணன் வந்து தொறப்பான், நீ கை வெக்காதேன்னான். அதான் நான் தொடல."

தெய்வசிகாமணி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்குள் மறுபக்கம் ஒரு கறுப்புகூட இல்லாமல் அரிசி வந்து விழுந்தது. பொன்னுரங்கம் ஒரு கை அள்ளி மதிவாணன் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பாரு தம்பி. குழாய் மூடியிருந்தது என் எழுத்தோட குத்தமா? இப்பச் சொல்லு, உன் வரி வேண்டாததுதானே?"

எல்லோரும் மதிவாணனைப் பார்த்தார்கள். அவன் ஓர் அரிசியை எடுத்துக் கடித்தான். மென்றான்.

"நெல்லு நல்ல நெல்லுங்ண்ணா" என்றான். வேனில் போய் ஏறிக்கொண்டான்.

பொன்னுரங்கம் கை நிறைய அரிசியோடு நின்றார். அந்த வார்த்தை இன்றைக்கு வரைக்கும் பாக்கி.