வெளியே எத்தனை பேர்

சீனிராஜுக்கு ஐம்பத்துமூன்று வயது. அவருடைய குரு சவரிமுத்துவுக்கு நாற்பது. ஆனாலும் சீனிராஜ்தான் குருவை "அண்ணே" என்பார். சினிமாவில் பிரஷ் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அண்ணன். பிறந்த தேதியெல்லாம் ரேஷன் கார்டோடு சரி.

நடிகர் அமுதரசனுக்கு மேக்கப் போடுகிறவர் சவரிமுத்து. சீனிராஜோ சாத்தூரில் முப்பது வருடம் அமுதரசன் ரசிகர் மன்றத் தலைவராக இருந்தவர். படம் வெளியாகும் நாளில் உள்ளங்கையில் சூடம் ஏற்றித் திரைக்கு ஆரத்தி காட்டியவர். மகளின் காதுகுத்துக்கு அவர் போகவில்லை. அன்று கட்அவுட்டுக்குப் பாலாபிஷேகம். தீப்பெட்டி ஆபீஸ் வேலையும் போனது. தாய்வீட்டுக்குப் போன மனைவி திரும்பி வரவில்லை. கடைசியில், ஊர் நாடகங்களுக்கு அரிதாரம் பூசிய கைப்பழக்கத்தைச் சொல்லிக் கெஞ்சிக் கூத்தாடி சவரிமுத்துவிடம் உதவியாளராகச் சேர்ந்தார்.

"எதுக்கு அண்ணாச்சி இந்த வயசுல?" என்று சவரிமுத்து முதல் நாளே கேட்டுவிட்டார்.

"தலைவர் ஒரே ஒரு தடவை என் முகத்தப் பாத்து 'நீ யாருப்பா'ன்னு கேக்கணும்ணே. அது போதும். முப்பது வருசம் வீணாப் போகலன்னு ஆயிரும். கேப்பாரா?"

சவரிமுத்து பிரஷ்களைக் கழுவக் கொடுத்தார்.

மறுநாள் ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில் படப்பிடிப்பு. கதாநாயகனுக்கு அப்பா வேடம் அமுதரசனுக்கு. கேரவனுக்குள் ஏறி வந்தார். விக் இல்லாத தலை, ஒட்டிய கன்னம், கால் வீக்கம். இவரா என் தலைவர்?

அமுதரசன் யாரையும் பார்க்காமல் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். முகம் இறுகிக் கிடந்தது.

"வெளிய எத்தன பேருடா சவரி?"

"ரெண்டாயிரம் இருக்கும் ஐயா. போலீஸ் கயிறு கட்டித் தள்ளி நிறுத்தியிருக்கு."

தாடை மெல்லத் தளர்ந்தது. நெற்றிச் சுருக்கம் பாதி காணாமல் போனது. அதற்குப் பிறகுதான் சவரிமுத்து அவர் நெற்றியில் முதல் பொட்டு வண்ணம் வைத்தார்.

சீனிராஜ் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தார். கருவேலங்காடு. இரண்டு ஆடுகள். ரசிகன் என்று சொல்ல ஒருவன் இல்லை.

"பொய் சொல்லிட்டீங்களேண்ணே?" என்று மதியம் கேட்டார்.

"எட்டு வருசமாச் சொல்றேன்."

"எதுக்கு?"

"அதான் முதல் பூச்சு அண்ணாச்சி. அது இல்லாம மேல எதப் போட்டாலும் ஒட்டாது."

சீனிராஜின் மனசு ஒப்பவில்லை. தலைவரிடம் பொய் சொல்லலாமா?

பத்தாம் நாள் விக் ஒட்டும் பசை தீர்ந்து, சவரிமுத்து கீழே வண்டிக்குப் போயிருந்தார். அமுதரசன் கண்ணை மூடியபடியே கேட்டார்.

"எத்தன பேருடா?"

உண்மையைச் சொன்னால் கண்ணைத் திறப்பார், திறந்தால் எதிரே நான்தானே நிற்கிறேன் என்று கணக்குப் போட்டார் பாவி மனுஷன்.

"யாருமில்ல தலைவரே. ஆனா நான் இருக்கேன்."

கண் திறக்கவில்லை. மூடிய இமைக்குள்ளிருந்து தண்ணீர் இறங்கியது. உதடு கோணியது. உதவி இயக்குநர் இரண்டு தரம் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அமுதரசன் அசையவில்லை. திரும்பி வந்த சவரிமுத்துவிடம் குழந்தைக் குரலில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"கயித்த இன்னும் தள்ளிக் கட்டிட்டாங்களாடா?"

சவரிமுத்து சீனிராஜைத் திட்டவில்லை. அவர் காதருகே குனிந்தார்.

"வெளிய போங்க அண்ணாச்சி. மன்றத்துல கத்துவீங்கல்ல, அதே மாதிரி கத்துங்க. நான் கதவத் திறக்கிற வரைக்கும் நிறுத்தாதீங்க."

சீனிராஜ் படிக்குக் கீழே வெயிலில் நின்று கத்தினார். "தலைவா! வாழ்க!" இந்தப் பக்கம் ஓடி ஒரு குரலில், அந்தப் பக்கம் ஓடி இன்னொரு குரலில் கத்தினார். விசில் அடித்தார். லைட் தூக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள். அவருக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே கத்தினார். இழவு வீட்டில்கூட அவர் இப்படிக் கத்தியதில்லை.

அரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. போஸ்டரில் பார்த்த அதே முகம். அமுதரசன் படியில் நின்று இரண்டு கைகளையும் உயர்த்தினார். சீனிராஜின் தலைக்கு மேலாகக் கருவேலங்காட்டைப் பார்த்துச் சிரித்தார். இடப்பக்கம் கையசைத்தார். வலப்பக்கம் கையசைத்தார். பிறகு இறங்கி, சீனிராஜின் தோளை உரசிக்கொண்டு குடைக்குள் நடந்து போய்விட்டார்.

சீனிராஜ் உள்ளே ஏறி வந்தார். தொண்டை கட்டிப்போயிருந்தது.

"கைக்கெட்டுற தூரத்துலதான் நின்னேண்ணே. அவ்வளவு கத்தினேன். ஒரு தடவை குனிஞ்சு என்னப் பாத்திருக்கக் கூடாதா?"

சவரிமுத்து ஸ்பாஞ்சைப் பிழிந்து வைத்தார்.

"பாத்திருந்தா, ஒருத்தர்தான்னு தெரிஞ்சு போயிருக்குமே அண்ணாச்சி."